கிளிப்புக்கு அடியில்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற ரோட்டில் ஐந்து ஆறுகள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. சுமார் 13 கிலோமீட்டருக்குள் ஐந்து பாலங்கள். மற்றபடி இந்தப் பூமி உள்ளங்கை மாதிரி தட்டை. மலைப்பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்கு பிரேக் சரியில்லை என்றால் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். இங்கே தெரியாது. எதிரே மாடு வந்தாலும், ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தாலும், எங்கள் ஊர் டிரைவர்கள் தூரத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். வண்டி தானாகத் தேய்ந்து வேகம் குறையும். பாலம் ஏறி இறங்கும்போதுதான் பிரேக்கை உண்மையிலேயே அழுத்தி மிதிக்கிற தேவை வரும். அங்கே இறக்கத்தில் பெடல் ‘தொபுக்’கென்று தரையைத் தொட்டது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர்.

1979-இல், 14 வயதில், கரந்தைப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அப்போது டாக்சி ஸ்டாண்டில் நின்றதெல்லாம் அம்பாசிடர்தான். மிராசு வீடுகளிலும் அதுதான். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஃபியட். பட்டறைக்காரரை நாங்கள் முதலாளி என்று கூப்பிடுவோம். எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை, வண்டிக்கு அடியில் படுத்து சேறு சுரண்டுவது. நடவு சமயத்தில் வயல்வரை, அறுப்பு சமயத்தில் களம்வரை போய் வந்த வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு மேலே சேறும் பதரும் வைக்கோல் துண்டும் கலந்து, குருவிக்கூடு போல அப்பிக்கொண்டிருக்கும். மேலே காய்ந்து மண்ணாக உதிரும். உள்ளே விரலை விட்டால் ஈரம். சித்திரை வெயிலில்கூட அந்த ஈரம் போகாது. அந்த ஈரத்துக்குள் புதைந்து ஓடுகிறது ஒரு மெல்லிய பைப். பென்சிலைவிட ஒல்லி. அதுதான் பிரேக் பைப் என்று ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிவிட்டம் 3/16 அங்குலம், அதாவது 4.75 மில்லிமீட்டர். சுவர் 0.7 மில்லிமீட்டர். செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, சூளையில் அந்தச் செம்பே உருகிப் பற்றவைத்த பைப். வெளியே துருவுக்குக் காப்பாக ஒரு மெல்லிய பூச்சு. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் பைப் வழியாக நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில் போகிறது. டிரைவர் 25 கிலோ பலத்தில் மிதித்தால், பெடலின் நெம்புகோல் கணக்கில் அது ஐந்து மடங்காகி, சின்னப் பிஸ்டன் தலையில் இறங்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோவைத் தாண்டும். டயரில் நாம் அடிக்கிற காற்று 2 கிலோதான். பயந்து போய் மிதிக்கிற மிதி இதைப்போல இரண்டு மடங்கும் இருக்கும். பெட்ரோல் டேங்கில் பொத்தல் விழுந்தால் சோப்பைத் தேய்த்து ஊர் போய்ச் சேருகிறவர்கள் இருக்கிறார்கள். அதே நினைப்பில் பிரேக் பைப்பில் எம்-சீல் அப்பிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டில் பனி உருக ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். அதனால் வண்டி அடியில் துரு. அமெரிக்காவில் 1999 முதல் 2003 வரை வந்த ஒரு பெரிய கம்பெனியின் லட்சக்கணக்கான வண்டிகளில் பிரேக் பைப் துருப்பிடித்து உடைவதாகப் புகார் எழுந்து, அரசாங்கம் விசாரித்து 2015-இல் முடித்தது. குளிர்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், பழைய வண்டியானால் பைப்பைப் பாருங்கள் என்று வண்டிக்காரர்களுக்குச் சொன்னார்கள். எங்கள் ஊரில் பனியேது, உப்பேது என்று கேட்கலாம். உப்பு வேறு வழியில் வருகிறது.

முதல் வழி கடல். தஞ்சாவூர் டாக்சிகளுக்கு வேளாங்கண்ணி சவாரி நிரந்தரச் சோறு. ஆகஸ்ட் கடைசியில் கொடி ஏறி செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் வண்டி கடற்கரை ஓரத்திலேயே ராத்திரி பகலாக நிற்கும். வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக் காற்று இன்னும் மோசம். இரண்டாவது வழி மீன். நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி வருகிற ஆம்னி வேன்களில் ஐஸ் உருகி, உப்புத்தண்ணீராகப் பின்பக்கத் தகட்டின் இடுக்கு வழியே சொட்டிக்கொண்டே வரும். அது சொட்டுகிற இடம் பார்த்தால் பைப்புக்கு நேர் மேலே. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: உரம். மிராசு வீட்டு அம்பாசிடர் டிக்கியில் ஒரு மூட்டை பொட்டாஷ் ஏறாத வருஷம் கிடையாது. சமையல் உப்பு சோடியம் குளோரைடு, வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு. இரும்பை அரிப்பதில் இரண்டும் பங்காளிகள். மூட்டை ஓரத்தில் கசிந்த சிவப்புப் பொடி டிக்கித் தரையில் தங்கி, மழைநாளில் கரைந்து, தகட்டை அரித்துக் கீழே இறங்கும். டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்து அந்தச் செம்பொடி தெரிந்தால், நான் பைப்பைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகையிலிருந்து கடல்தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டிகள் சில எங்களிடம் வந்தன. எஞ்சின் ஆயிலை வடித்தோம், ஒயரிங்கை மாற்றினோம், நல்ல தண்ணீரால் கழுவிக் கழுவி ஓட்டிவிட்டோம். இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, பிரேக் போகிறது என்று. பைப்பைக் கழற்றினால் நடுவெல்லாம் நன்றாக இருக்கிறது; அதை பாடியோடு பிடித்துவைக்கும் கிளிப்புக்கு அடியில் மட்டும் எலும்பாகத் தேய்ந்திருக்கிறது. நாங்கள் பீய்ச்சியடித்த தண்ணீர் கிளிப்புக்குள் போகவே இல்லை. உப்பு மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து வெள்ளத்தில் நின்ற வண்டி எது வந்தாலும், அந்தக் கிளிப்புகளை முதல் நாளே விரித்துப் பைப்பை வெளியே எடுத்துக் கழுவுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு வந்த வண்டிகளுக்கு அப்படித்தான் செய்தேன்.

என் கையால் நடந்த தப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

தை மாதம், சம்பா அறுப்பு. நான் வேலைக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. கை ஓடும், தைரியமும் உண்டு. முதலாளி ஊரில் இல்லை. சாயங்காலம் ஒரு பழைய அம்பாசிடர் வந்தது. பின் இடது சக்கரத்துக்குப் போகிற பைப்பில் ஆக்சில் மேலேயே பொத்தல். பெரியவர் ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், திருவையாறு தாண்டி ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும். “தம்பி, ராத்திரிக்குள்ள போயாகணும், எதாச்சும் பண்ணி விடுப்பா. நாளைக்குக் கொண்டாந்து விட்டுர்றேன்” என்றார் டிரைவர். கடையெல்லாம் அடைத்தாயிற்று, பைப் கிடைக்காது. ரோட்டோரத்தில் அப்போது எல்லாரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். பின்பக்கம் போகிற பைப்பை மடக்கி, சுத்தியலால் தட்டி அடைத்து, முன் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் வைத்து ஏர் எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. “மெதுவாப் போங்கண்ணே” என்று சொல்லி அனுப்பினேன்.

குடமுருட்டிப் பாலத்து இறக்கத்தில் எதிரே வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி. பின் பிரேக் இல்லாததால் டிரைவர் வழக்கத்தைவிட ஓங்கி மிதித்திருக்கிறார். அந்த மிதியில் முன் வலது பைப் விட்டுவிட்டது. அந்த மாடலில் எல்லாம் ஒரே சுற்று. எங்கே ஓட்டை விழுந்தாலும் நான்கு சக்கரமும் போச்சு. ஹேண்ட்பிரேக் கேபிள் ஏற்கெனவே துருவேறி இறுகிக் கிடந்தது. மாட்டின் மேல் ஏற்றாமல் வண்டியை ஒடித்து, கரையிலிருந்து அறுத்த வயலுக்குள் இறக்கினார் அந்த மனிதர். அவருக்கு விலா எலும்பில் விரிசல். பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. கடைசிவரை கம்பு ஊன்றித்தான் நடந்தார்.

முதலாளி திரும்பி வந்ததும் என்னைத் திட்டவில்லை. வண்டியைப் பட்டறைக்கு இழுத்துவந்து, இருக்கிற பைப் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பினார். ஒரு திருப்புளி முனையால் ஒவ்வொன்றையும் கீறச் சொன்னார். கிளிப் இருந்த ஒவ்வோர் இடத்திலும் துருச் செதில் பெயர்ந்து குழி தெரிந்தது. நான் அடைத்த பைப், விட்டுப்போன பைப், இன்னும் விடாத பைப் எல்லாமே ஒரே நிலை. “எல்லாம் ஒரே நாள்ல மாட்டினதுடா. ஒண்ணு பொத்துச்சுன்னா மத்ததெல்லாம் பொக்கப் போவுதுன்னு அர்த்தம்” என்றார். அவ்வளவுதான் பேசினார். பெரியவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் கால்மாட்டில் நின்றேன். “நீ சின்னப் பையன், போ” என்றார். அந்தச் சொல் என்னை இன்னும் விடவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் நான் பைப்பை மடக்கி அடைத்ததில்லை. பொத்தல் விழுந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டதும் இல்லை. முழு பைப், முழு வண்டிக்கு. முடியாது என்கிறவரிடம் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள் என்பேன். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்கள் உண்டு.

பெடலே பாதி கதையைச் சொல்லிவிடும். ரப்பர் பந்து மாதிரி அமுங்கி எழுந்தால் உள்ளே காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் வீல் சிலிண்டர். அடியில் சொட்டியிருப்பது பிரேக் ஆயிலா, ஆக்சில் ஆயிலா என்று சந்தேகம் வந்தால், ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். ஆக்சில் ஆயில் மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துவிடும். ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் வகையே இல்லை. அதனால்தான் தண்ணீரை ஈர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடி திறந்த டப்பாவை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு வண்டியில் ஊற்றக்கூடாது. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சூடுவரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 100-க்கு 3.7 பங்கு ஈரம் ஏறிவிட்டால் 140 தாங்கினால் போதும் என்றுதான் தரக்கணக்கே இருக்கிறது. சேர்ந்த ஈரம் பைப்பையும் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுங்கள் என்று சொல்வது வியாபாரத்துக்காக அல்ல.

இனி கழற்றுவது. எல்லாரும் பைப் போடுவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். துருவேறிய நட்டைக் கழற்றுவதில்தான் அரை நாள் போகும். நட்டு, பைப்பின் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பைப்பும் சேர்ந்து கரும்பு மாதிரி முறுக்கும். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் இரண்டே திருப்பில் நட்டின் மூலை மழுங்கும். முதலாளி ஒரு 7/16 ரிங் ஸ்பேனரில் பைப் நுழைகிற அளவுக்கு ஹாக்சா பிளேடால் வாய் அறுத்து வைத்திருந்தார். அம்பாசிடர் பிரேக் நட்டுக்கு அதுதான் அளவு. இன்றும் என் டூல்ஸ் பெட்டியில் அது இருக்கிறது. மாருதிக்கு 10 மில்லிமீட்டரில் நான் ஒன்று அறுத்துக்கொண்டேன். முந்தின நாளே துரு இளக்குகிற ஆயிலை விட்டு ஊறவைப்பேன். எப்படியும் மாற்றப்போகிற பைப் என்பதால் நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, பாக்ஸ் ஸ்பேனரை முழுதாக மாட்டித் திருப்புவதுதான் உத்தமம். ஹோஸ் பக்கம் இருக்கிற நட்டானால் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுவேன். அதன் வயதும் அதேதானே.

புது பைப்பைப் பழையதை அச்சாக வைத்து வளைக்க வேண்டும். அதனால்தான் பழைய பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி எறியக்கூடாது என்று பையன்களிடம் சொல்வேன். வளைவை அவசரப்பட்டு ஒடித்தால் பைப் நசுங்கும். ஸ்பார்க் பிளக் சாக்கெட்டைச் சுற்றிப் பொறுமையாகத் தடவி வளைத்தால் வட்டம் குலையாது. வெட்டுவது ஹாக்சாவால் கூடாது, பைப் கட்டரால்தான். உள்விளிம்பின் பிசிறை எடுத்து ஊதித் துடைக்க வேண்டும். நட்டை மாட்டிவிட்டுத்தான் முனையை விரிக்க வேண்டும். விரித்த பிறகு நட்டு ஏறாது. முனையை ஒரே மடிப்பாக விரித்தால் பிளந்துவிடும். முதலில் பொத்தான் மாதிரி இருக்கிற அச்சால் உள்ளே அமுக்கி, பிறகு கூம்பால் இன்னொரு முறை அழுத்தி இரட்டை மடிப்பு ஆக்க வேண்டும். அந்த மடிப்பு சமமாக, கோடு விழாமல், பூவின் அடிப்புல்லி போல உட்கார்ந்தால்தான் என் மனசு ஆறும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்வேன்.

செம்புப் பைப் போடலாமே, துருவே பிடிக்காதே என்று படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். துரு பிடிக்காதுதான். ஆனால் வெறும் செம்பு மிருது; ரோட்டு அதிர்வில் நாளாக நாளாக விறைத்து, கழுத்தில் விரிசல் விடும். ஏசிக்குப் போடுகிற பைப்பை பிரேக்குக்குப் போடுவது குற்றம் என்றே சொல்வேன். செம்போடு பத்தில் ஒரு பங்கு நிக்கலும் துளி இரும்பும் சேர்ந்த உலோகக் கலவைப் பைப் உண்டு. ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்களில் 1970-களிலேயே அதைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கையால் வளையும், உப்புக்கு அசையாது. கடலோரத்து வண்டிக்காரர் செலவுக்குத் தயார் என்றால் அதை வரவழைத்துப் போடுகிறேன். விலை கூடுதல்தான். இங்கே எல்லாருக்கும் கட்டாது.

அம்பாசிடர் உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. மாருதி 800-உம் அதே வருஷம் ஜனவரியில் நின்றது. இப்போது சாமான் வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோட்டுக்கு ஆள் சொல்லிவிட வேண்டும். வீல் சிலிண்டர் கிட் கைக்கு வரும்போதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்வேன். தென்னாட்டில் மோட்டார் பஸ்ஸுக்கு வழி போட்டவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1912-இல் அவர் பஸ் விட்டது எங்கள் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு. அவர் குடும்பத்து நிறுவனங்களில் ஒன்றான பிரேக்ஸ் இந்தியா 1962-இல் சென்னை பாடியில் தொடங்கியது. நாங்கள் வாழ்நாள் முழுக்கப் பிரித்து மாட்டிய ‘கர்லிங்’ கிட்டெல்லாம் அங்கிருந்து வந்தவை. நம் ஊர் ரோட்டில் தொடங்கிய ஒரு கதை, திரும்ப நம் கைக்கே வருகிற மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம்.

மாருதி 800-காரர்கள் ஒரு தைரியத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் இரண்டு சுற்று. முன் ஒரு சக்கரமும் அதற்குக் குறுக்கே பின் சக்கரமும் ஒரு சுற்று, மற்ற இரண்டும் இன்னொன்று. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். உண்மைதான், அது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒன்று போனதே தெரியாமல் பெடல் கொஞ்சம் கீழே இறங்குகிறது என்று ஆயிலை மட்டும் ஊற்றி ஊற்றி ஓட்டுகிறார்கள். ஆயில் குறைந்தால் ஊற்றுவது இருக்கட்டும். அது எங்கே போனது என்று கேளுங்கள். ஷூ தேய்ந்தால் மட்டம் மெல்லக் குறையும், அது நியாயம். ஒரு மாதத்தில் அரை டப்பா குறைந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பைப் எல்லாம் மாட்டி முடிந்ததும் ஏர் எடுப்பது. இது இரண்டு ஆள் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குவேன். அம்பாசிடரில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் ட்யூப் மாட்டி, மறுமுனையை ஆயில் இருக்கிற பாட்டிலில் முக்கிவிட்டு நான் கீழே படுத்திருப்பேன். மேலே பையன். “பம்பு பண்ணு... பண்ணு... அமுக்கிப் பிடி!” நிப்பிளைத் திறந்ததும் குமிழி குமிழியாக வரும். மூடிவிட்டு “விடு!” மறுபடியும். முதலில் கறுப்புத் தண்ணீர், பிறகு தேன் நிறம், கடைசியில் தெளிவு. பல வருஷம் என் மனைவிதான் அந்தப் பெடலில் கால் வைத்தவள். காலுக்கு அடியில் எவ்வளவு விறைப்பு வந்திருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். “இன்னும் கொஞ்சம் காத்து இருக்குங்க” என்பாள், இருக்கும்.

அப்புறம் பெடலை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டாக டார்ச் அடித்துப் பார்ப்பேன். பட்டறையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வண்டியைக் கொடுத்துவிடுவதில்லை. நானே எடுத்துக்கொண்டு திருவையாற்று ரோட்டில் போவேன். வடவாற்றுப் பாலத்தில் மெதுவாக, வெண்ணாற்றில் கொஞ்சம் வேகமாக, வெட்டாற்றில் பின்னால் வண்டி வராத சமயம் பார்த்து ஓங்கி ஒரு மிதி. குடமுருட்டி இறக்கத்தில் எப்போதும் ஒருமுறை நிறுத்திவிடுவேன். காவிரி தாண்டி, ஓரமாக ஒரு மரநிழலில் வண்டியைப் போட்டு, துணியை விரித்து அடியில் படுத்து, கிழித்த தினத்தந்தித் தாளால் ஒவ்வொரு நட்டையும் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். ஈரம் இருந்தால் தாளில் உடனே கறை ஏறும். தாள் காய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்காரருக்குப் போன் செய்வேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று.